சாமியைப் பாடிய குரல் காதலைப் பாடலாமா? சாம் குக்கைச் சுற்றிய சர்ச்சை என்ன?

அமெரிக்க சோல் இசையின் பெரிய பெயர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். அரீத்தா ஃபிராங்க்ளின், விட்னி ஹூஸ்டன் என்று பலரும் சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள்தான். அங்கிருந்து பாப் பக்கம் போவது இன்று சாதாரணம். 1957-ல் அப்படி இல்லை. அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர் சாம் குக்.

யார் இந்த சாம் குக்?

1931-ல் மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர். அப்பா பாதிரியார். சின்ன வயதிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. 1950-ல், 19 வயதில், 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற புகழ்பெற்ற காஸ்பல் குழுவின் முன்னணிப் பாடகர் ஆனார். அதுவும் ஆர்.எச்.ஹாரிஸ் என்ற ஜாம்பவான் விட்டுப்போன இடத்துக்கு!

ஹாரிஸ் மாதிரி பாட முடியாது என்று தெரிந்ததும் குக் தனக்கென ஒரு வழியைப் பிடித்தார். கத்தாமல், ஒரே எழுத்தை இழுத்து, அதில் சங்கதி சங்கதியாகப் போட்டு இறங்குவார். பக்திக் கச்சேரிக்கு இளம்பெண்கள் முன்வரிசையில் இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். பாப் உலகம் அவரைத் தேடி வந்ததில் ஆச்சரியமே இல்லை.

பெயரை மாற்றியது ஏன்?

காஸ்பல் ரசிகர்களுக்கு அன்று ஒரு கறாரான கணக்கு இருந்தது. கடவுளுக்குக் கொடுத்த குரலைக் காதல் பாட்டுக்குக் கொடுத்தால் அது துரோகம். இன்னொரு கணக்கும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். காஸ்பல் ரெக்கார்டு நன்றாக ஓடினாலும் பாப் ஹிட்டின் பக்கத்தில்கூட வராது.

அதனால் குக் முதலில் ஒளிந்து விளையாடினார். 'வொண்டர்ஃபுல்' என்ற காஸ்பல் பாட்டையே கொஞ்சம் மாற்றி 'லவபிள்' என்று பாடினார். கடவுள் இருந்த இடத்தில் காதலி. ரெக்கார்டில் போட்ட பெயர் 'டேல் குக்'. ஆனால் அந்தக் குரலை ஒளிக்க முடியுமா? யாரும் ஏமாறவில்லை.

அப்புறம் வந்தது 1957 ஜூன் ரெக்கார்டிங். பின்னணியில் மென்மையான கோரஸ். அதைக் கேட்ட ஸ்பெஷால்டி நிறுவன முதலாளி ஆர்ட் ரூப்புக்குக் கோபம். இது கருப்பின மக்கள் வாங்கும் பாட்டே இல்லை என்பது அவர் கணிப்பு. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லும் குக்கும் டேப்போடு வெளியேறினார்கள். 'யூ செண்ட் மீ' என்ற அந்தப் பாட்டு வேறு நிறுவனத்தில் வெளியாகி, பாப் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தது. விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. பழைய நிறுவனத்துக்குப் பாட்டின் உரிமை போய்விடக் கூடாது என்பதற்காக, எழுதியவர் பெயராகத் தம்பி எல்.சி.யின் பெயரைப் போட்டார்களாம். விவரமான ஆள்தான்!

கிடைத்தது என்ன, போனது என்ன?

பணமும் புகழும் மட்டும் இல்லை. சொந்தமாகப் பாடல் உரிமை நிறுவனம், எஸ்.ஏ.ஆர் என்ற ரெக்கார்டு நிறுவனம் என்று, அன்றைய கருப்பினப் பாடகர்கள் பலருக்குக் கிடைக்காத அதிகாரம் அவர் கைக்கு வந்தது. அந்த எஸ்.ஏ.ஆரில் அவர் பதிவு செய்த குழுக்களில் ஒன்று, அவர் விட்டுவந்த அதே சோல் ஸ்டிரர்ஸ். துரோகி என்று திட்டியவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்திருக்கணும்.

ஆனால் பாப் ஸ்டார் என்பதால் நிறம் மாறிவிடவில்லை. 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், முன்பதிவு செய்த ஓட்டலிலேயே அவருக்கு ரூம் மறுக்கப்பட்டது. தட்டிக்கேட்டதற்கு அமைதியைக் கெடுத்ததாகக் கைது.

சில மாதங்களில், 1964 ஜனவரி 30 அன்று, 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' பதிவானது. பாப் டிலனின் 'புளோயிங் இன் த விண்ட்' பாட்டைக் கேட்டு, ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுதிவிட்டானே என்று உறுத்தியதும் ஒரு காரணம் என்பார்கள். இந்தப் பாட்டில்தான் அவருடைய இரண்டு உலகமும் சேர்கின்றன. ஆறு, வானம், பொறுத்திருந்து கிடைக்கும் விடிவு எல்லாமே சர்ச் பாட்டின் சாமான்கள். ஆனால் பாதிரியார் மகன் இதில் மறுமை பற்றிய சந்தேகத்தையும் பாடுகிறார். சர்ச் மேடையில் அதைப் பாடியிருக்க முடியாது. வெறும் காதல் பாப்பில் அதற்கு இடமும் இல்லை.

அரீத்தாவுக்கு மட்டும் எப்படி முடிந்தது?

குக்கைப் பார்த்து பாப்புக்கு வந்தவர்களில் அரீத்தாவும் ஒருவர். அவருடைய அப்பா சி.எல்.ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டின் பிரபல பாதிரியார், மகளுக்குத் துணையாக நின்றார். 1972-ல் அரீத்தா லாஸ் ஏஞ்சல்ஸ் சர்ச் ஒன்றிலேயே 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அவர் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது அதுதான்.

குக்குக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் மோட்டல் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. அடுத்த சில நாட்களில் 'எ சேஞ்ச்' சிங்கிளாக வெளியானது. நிறவெறியை நேரடியாகத் தொடும் ஒரு சரணத்தை மட்டும் அதில் வெட்டிவிட்டார்கள். ஷ்ரீவ்போர்ட் மேயர் குக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது 2019-ல்.