அரங்கின் முகவரியும் நுழைவுச்சீட்டின் முழு விலையும்

சென்னைக்குப் பெரிய இசையரங்கம் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வருகிறது. அதற்கு வித்திட்டவை 2023-ஆம் ஆண்டு ஒரே மாதத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் எனலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் அருகே திறந்தவெளியில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி நடைபெற்றது. நுழைவுச்சீட்டு வைத்திருந்தும் பலர் உள்ளே செல்ல இயலாமல் திரும்பினர். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் அவதியுற்றனர். சாலைப் போக்குவரத்து முடங்கியது.

அதற்கடுத்த இரு வாரங்களில், பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெறவிருந்த 'லியோ' திரைப்படப் பாடல் வெளியீட்டு விழா கைவிடப்பட்டது. அனுமதிச்சீட்டு கேட்போர் அளவுக்கு மீறிப் பெருகியதும், பாதுகாப்பு பற்றிய அச்சமும் காரணங்களாகக் கூறப்பட்டன.

முதல் நிகழ்ச்சிக்கு ஊருக்கு வெளியே இடம் இருந்தது. போய்வர வழி இல்லை. இரண்டாவதற்கு நகரின் நடுவே வழி இருந்தது, இடம் போதவில்லை. புதிய அரங்கம் பற்றிப் பேசுவோர் பலரும் இருக்கைகளின் எண்ணிக்கையையே பேசுகின்றனர். அரங்கம் எத்தனை பேரை அமர்த்தும் என்பதற்கு இணையான கேள்வி, அத்தனை பேரும் எவ்வாறு வந்து எவ்வாறு வீடு திரும்புவர் என்பதாகும்.

இக்கேள்விக்கு நேரு விளையாட்டரங்கம் அமைந்துள்ள நிலத்தின் வரலாறே ஒரு விடை தருகிறது. 1859-ஆம் ஆண்டு சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெல்யன், நெரிசல் மிகுந்த நகரத்து மக்கள் காற்று வாங்கவும் உலவவும் ஒரு பொதுப் பூங்கா அமைக்க முனைந்தார். அவ்வாறு உருவானதே பீப்பிள்ஸ் பார்க் எனப்பட்ட மக்கள் பூங்கா. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பின் ஓரத்தில் 1873-இல் சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்தது. அதன் பிறகு அப்பூங்கா சென்னைவாசிகளுக்கு மட்டும் உரியதாக இல்லாமல், ரயிலேறி வந்த வெளியூர் மக்கள் முதலில் கால்வைக்கும் இடமாகவும் ஆயிற்று.

பூங்காவை ஒட்டி 1880-களில் விக்டோரியா பொதுக்கூடம் கட்டப்பட்டது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கு அரங்கேறின. 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பூங்காவுக்குள்ளேயே உயிரியல் பூங்காவும் இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், இதனை 'உயிர் காலேஜ்' என்றும் மக்கள் அழைத்தனர். பட்டணம் பார்க்க வந்த கிராமத்தார் இவ்விரண்டையும் காணாமல் ஊர் திரும்பியதில்லை. 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டில் உயிரியல் பூங்கா வண்டலூரில் திறக்கப்பட்டது. மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது.

இதே நிலத்தின் ஒரு பகுதியில்தான் மாநகராட்சி விளையாட்டரங்கம் அமைந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஆட்டக்காரர்களாக 413 ஓட்டங்கள் சேர்த்தது இங்குதான். அந்தச் சாதனை 2008 வரை நிலைத்தது. பின்னர் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்துக்குத் திரும்பின. பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் 260 நாள்களில் எழுப்பப்பட்டு, 1993-இல் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்குத் திறக்கப்பட்டது. 1995 டிசம்பரில் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, அருகிலேயே ஏறத்தாழ 8,000 பேர் அமரத்தக்க உள்விளையாட்டரங்கமும் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 ஜூலை 28-ஆம் தேதி செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவும், அதே ஆண்டு செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' பாடல் வெளியீட்டு விழாவும் நடந்தது இவ்வரங்கில்தான்.

விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட அரங்கம் கலை நிகழ்ச்சிகளின் அரங்கமாகவும் ஆனது ஏன்? கட்டடத்தின் சிறப்பு அதற்குக் காரணம் அன்று. பந்தாட்டத்துக்கான கூரையும் சுவர்களும் இசையின் நுணுக்கத்துக்கு ஏற்றவை அல்ல. எதிரொலி கலந்த ஒலியே பின்வரிசைகளைச் சென்றடையும். எனினும் விழா நடத்துவோர் இதனை நாடுகின்றனர். காரணம், அதன் முகவரி.

பொருளியலில் முழு விலை என்றொரு கருத்து உண்டு. 1965-இல் நேரப் பங்கீடு குறித்து கேரி பெக்கர் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளமிட்டது. ஒரு பொருளின் விலை, அதற்குக் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை. அதனைத் துய்க்கச் செலவிடும் நேரமும் விலையின் பகுதியே. இசை நிகழ்ச்சிக்கு இது மிகவும் பொருந்தும்.

தருமபுரி மாவட்டத்தில் வாழும் ஓர் இளம் தம்பதியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,000 ரூபாய் நுழைவுச்சீட்டு எனக் கொண்டால், 500 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டணத்துக்கு விதிக்கப்படும் 18 சதவீத ஜிஎஸ்டி வரியோடு சேர்த்து இருவருக்கு 2,360 ரூபாய் ஆகிறது. இது சென்னைவாசிக்கும் அவர்களுக்கும் பொது. வேறுபாடு அதற்குப் பின்னர் தொடங்குகிறது. சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. பேருந்தில் மொரப்பூர் சென்று, அங்கிருந்து ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்க வேண்டும்.

நிகழ்ச்சி பெரியமேட்டில் நடைபெறுமாயின், சென்ட்ரலுக்கு வெளியே வந்து, ரிப்பன் மாளிகையைக் கடந்து, சிறிது தொலைவு நடந்தால் அரங்கத்தை அடைந்துவிடலாம். ஒலிபெருக்கி விதிகளின்படி திறந்தவெளி நிகழ்ச்சிகள் பொதுவாக இரவு 10 மணிக்குள் முடிய வேண்டும். உள்ளரங்க நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் அதே நேரத்தை ஒட்டியே முடிகின்றன. அதன்பின் நடந்தே வந்து, சேலம் திசையில் செல்லும் இரவு ரயிலைப் பிடிக்கலாம். சென்னைக்குள் வசிப்போர் கடைசி மெட்ரோ ரயிலில் வீடு சேரலாம்.

அதே நிகழ்ச்சி பனையூரில் நடைபெறுமாயின், சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறும் அவ்வேளையில் வாடகைக் காருக்குக் கேட்கப்படும் தொகை, ஒரு நுழைவுச்சீட்டின் விலையை எட்டிவிடும். இரவு ரயில் கைநழுவும். விடுதிச் செலவு கூடும். மறுநாள் ஊதியம் போகும். 2,360 ரூபாய்ச் செலவு என்று புறப்பட்டவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழந்து ஊர் திரும்புவர். சொந்தக் கார் இல்லாதவருக்கு இத்தகைய அரங்கின் கதவு, நுழைவுச்சீட்டு விற்பனைக்கு முன்பே மூடப்பட்டுவிடுகிறது.

இந்தச் சிக்கல் இனி வளருமே அன்றிக் குறையாது. ஒலிநாடாவும் குறுந்தகடும் விற்ற காலத்தில், இசைக் கலைஞரின் வருவாயில் பதிவுகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. இன்று பாடல் ஏறக்குறைய இலவசமாகக் கைப்பேசியில் கிடைக்கிறது. ஆதலால் நேரில் கேட்கும் அனுபவமே அரிய பொருளாகி, அதன் விலை ஏறுகிறது. புகழின் உச்சியில் இருப்போர் சந்தையின் பெரும்பகுதியைக் கைப்பற்றுவர் என்று 1981-இல் ஷெர்வின் ரோசன் விளக்கினார். ஒலி, ஒளித் தொழில்நுட்பம் வளர வளர, ஒரே கலைஞர் ஒரே இரவில் பல்லாயிரம் பேரைச் சென்றடைகிறார். 2025 ஜனவரியில் அகமதாபாத் நரேந்திர மோடி விளையாட்டரங்கில் கோல்ட்பிளே குழுவைக் கேட்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அடுத்த மாதமே சென்னை நந்தனத்தில் எட் ஷீரன் பாடினார்.

உலக நகரங்கள் சில இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பது நோக்கத்தக்கது. லண்டனில் 1871-இல் திறக்கப்பட்ட ராயல் ஆல்பர்ட் அரங்கம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளைத் தலா 100 பவுண்டுக்கு 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்றுக் கட்டுமான நிதி திரட்டியது. அந்த இருக்கைகளில் பெரும்பாலானவை இன்றும் தனியார் உடைமையாகவே உள்ளன. பொது அரங்கைத் தனியார் பணத்தில் எழுப்பினால், அதன் விலையைப் பல தலைமுறைகள் கொடுக்க நேரும் என்பதற்கு இது சான்று. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் மேலேயே 1968-இல் கட்டப்பட்டது. அங்கு நிகழ்ச்சி முடிந்து வெளியேறுவோர் படியிறங்கினால் நடைமேடை. ஓர் அழகிய ரயில் நிலையத்தை இடித்து அது கட்டப்பட்டது என்ற வருத்தம் அந்நகரத்துக்கு இன்றும் உண்டு. சென்னைக்கோ எதையும் இடிக்காமலேயே அத்தகைய இடம் கிடைத்திருக்கிறது.

மாற்றுக் கருத்துகளும் உள்ளன. விளையாட்டரங்கை விளையாட்டுக்கே விட வேண்டும், மேடையும் கூட்டமும் புல்தரையையும் ஓடுதளத்தையும் பாழாக்கும் என்பர். இது நியாயமான கவலை. ஆகவே திறந்தவெளி அரங்கைத் தடகள வீரர்களுக்கும் கால்பந்தாட்டத்துக்கும் விட்டுவிட்டு, உள்ளரங்கை மட்டும் இரு பயன்பாட்டுக்கும் உரியதாக்கலாம்.

நகரின் நடுவே பெருங்கூட்டம் ஆபத்து என்பர் வேறு சிலர். இந்த அச்சத்துக்கும் இந்நிலத்தின் வரலாற்றிலேயே இடமுண்டு. 1886 டிசம்பர் 31 அன்று மக்கள் பூங்காவில் நடைபெற்ற கண்காட்சியில் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாயில்களில் 11 உயிர்கள் பறிபோயின. அங்கே மெட்ரோ நிலையம் அருகிலேயே இருந்தது. ஆயினும், யாருக்கு அனுமதி, எத்தனை பேருக்கு இடம், எந்த வாயில் எப்போது திறக்கும் என்பன தெளிவாக வரையறுக்கப்படவில்லை. போக்குவரத்து இன்றியமையாதது, அது மட்டுமே போதுமானது ஆகாது. அரங்கின் கொள்ளளவுக்கு மேல் ஒரு சீட்டும் வெளியிடப்படாமல் இருக்க, விற்பனைக் கணக்கு காவல்துறையின் பார்வையில் நேரடியாக இருத்தல் வேண்டும்.

பெரிய அரங்கம் வந்தால் வேலைவாய்ப்பும் வணிகமும் பெருகும் என்ற வாதம் மூன்றாவது. அமெரிக்க விளையாட்டரங்குகளை ஆராய்ந்து 1997-இல் ரோஜர் நோலும் ஆண்ட்ரூ சிம்பலிஸ்டும் தொகுத்த ஆய்வுகள், அரசுப் பணத்தில் கட்டப்பட்ட அரங்குகள் வாக்களித்த வளர்ச்சியைத் தரவில்லை என்றே காட்டின. அரங்கில் செலவிடப்படும் பணம், பெரும்பாலும் அதே நகரத்தில் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவாகியிருக்கும் பணமே. ஆகையால், பொதுப்பணத்தை அரங்கில் முதலீடு செய்வதற்கு வலுவான நியாயம் ஒன்றே எஞ்சுகிறது: அது வரி செலுத்தும் எல்லோரும் வந்துசெல்லத் தக்கதாக இருத்தல்.

இந்த அளவுகோலைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் அரசு மேற்கொண்டுள்ள கலைஞர் பன்னாட்டு அரங்கத் திட்டத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை சிறுசேரி நோக்கிப் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் செல்கிறது, முட்டுக்காட்டைத் தொடவில்லை. மாநாட்டுக்கு வரும் முதலீட்டாளருக்கு இது ஒரு குறையாகாது. பாட்டுக் கேட்க வரும் பேருந்துப் பயணிக்கு இதுவே பெருங்குறை.

எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறும். வீட்டுக்கு இவ்வளவு என வரி தண்டிச் செலவை ஊரே ஏற்கும். பார்ப்பவருக்குக் கட்டணம் இல்லை. விடியும்வரை ஆடும் மரபுக்குச் சடங்கியல் காரணங்கள் உண்டு. ஆனால் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வந்தோர் இருட்டில் திரும்ப வேண்டியதில்லை என்பதும் அதன் பயன்களுள் ஒன்று. பார்வையாளர் வீடு திரும்பும் வழியையும் சேர்த்தே நிகழ்ச்சியின் நேரம் அமைந்திருக்கிறது. கோடிகளில் திட்டமிடும் நகரம் இந்த எளிய அறிவைப் பெறலாகாதா?

செய்யத்தக்கவை அரியன அல்ல. முதலாவது, பொது நிலத்திலோ பொதுப்பணத்திலோ அமையும் எந்தப் பேரரங்கும் ரயில் அல்லது மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும் என விதி வகுக்க வேண்டும். இரண்டாவது, நேரு உள்ளரங்கின் ஒலியமைப்பைச் சீர்செய்து, விளையாட்டுக்குரிய நாள்களை முதலில் ஒதுக்கி, எஞ்சிய நாள்களை வெளிப்படையான கட்டணத்தில் இசைக்கு அளிக்கலாம். அவ்வருவாயை விளையாட்டு விடுதிகளுக்குச் செலவிடலாம். மூன்றாவது, ஐபிஎல் போட்டிகளுக்கு அண்மை ஆண்டுகளில் செய்ததைப் போன்று, நுழைவுச்சீட்டையே மெட்ரோ பயணச்சீட்டாகவும் ஏற்கலாம். நான்காவது, தொலைவான திறந்தவெளிகளில் நிகழ்ச்சி நடத்த அனுமதி கோருவோர், சிறப்புப் பேருந்துகளுக்கான ஏற்பாட்டை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.

ஐந்தாவது, சென்னைக்கு வெளியேயும் அரங்குகள் வேண்டும். தருமபுரி போன்ற மாவட்டங்களில் பெரிய நிகழ்ச்சி என்றால் இன்றும் பெரும்பாலும் கல்லூரித் திடலோ திருமண மண்டபமோதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட மொரப்பூர் – தருமபுரி இருப்புப்பாதைக்கு மாற்றாகப் புதிய பாதை அமைக்கும் திட்டமும் நிறைவேறக் காத்திருக்கிறது. ஈராயிரம் பேர் அமரத்தக்க நல்ல ஒலியமைப்புடைய அரங்கம் சேலத்திலும் வேலூரிலும் மதுரையிலும் அமைந்தால், கலைஞர்கள் மக்களைத் தேடி வருவர்.

நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆளுநர் ஒதுக்கிய பொது நிலமும், அதன் வாயிலில் வந்தமைந்த ரயில் நிலையமும் சேர்ந்து, திட்டமிடாமலேயே தமிழகத்துக்கு ஒரு பொது அரங்கைத் தந்தன. இனி கட்டப்போகும் அரங்குகளைத் திட்டமிட்டே கட்டப்போகிறோம். அவற்றின் வரைபடத்தில் மேடைக்கு முன்பாகக் கடைசி ரயிலுக்குச் செல்லும் பாதை குறிக்கப்படட்டும்.