வேருக்கு வழிவிடும் கரை

மலைச்சரிவில் வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள், வாசலில் நிற்கும் பெருமரத்தின் நிழலிலே ஒரு பூம்பாத்தி அமைத்து அதற்கு அழகானதொரு கரையும் கட்ட வேண்டுமென்று ஆசைப்படுவது நியாயமே. ஆனால், ஆசை எழுந்த மறுநாளே கொத்தனாரை வரவழைத்து, முழங்கை ஆழத்துக்கு வானம் பறித்து, குறுக்கே வந்த வேர்களையெல்லாம் அரிவாளால் அறுத்தெறிந்து, செங்கல்லும் சிமெண்டுச் சாந்துமாக நூல் பிடித்தாற்போல் ஒரு சுவரை எழுப்பிவிடுகிற வழக்கம், குன்னூர், கொடைக்கானல் முதலிய பிரதேசங்களில் சர்வசாதாரணமாகிவிட்டது. இதை நான் ஆட்சேபிக்கிறேன்.

மரத்தின் வேர்கள் பாதாளத்தை நோக்கியே இறங்குகின்றன என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில், நீரையும் உப்புக்களையும் உறிஞ்சும் நுண்ணிய வேர்களில் பெரும்பகுதி, காற்றோட்டமுள்ள மேல்மண்ணிலே, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குள், கிளைகளின் எல்லையையும் கடந்து பரவிக் கிடக்கிறது. கொத்தனார் பறிக்கும் வானமோ சரியாக அந்த அடுக்கில்தான் விழுகிறது. சரிவில் நிற்கும் விருட்சத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: மேட்டுப்புறத்து வேர்கள் கூடாரத்துக் கயிறுகளைப் போல மரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவை. அவற்றைக் கோடையில் அறுத்தவர், ஐப்பசி கார்த்திகை மழையில் மண் ஊறிக் காற்றும் வீசும்போது, கூரையின் மேல் சாய்ந்த மரத்தைப் பார்த்துவிட்டு மழையைக் குறைகூறுவார்.

சுவராவது நிலைக்கிறதா? நீர் வடியத் துளை விடாத சிமெண்டுச் சுவரை ஈரமண் பின்னிருந்து தள்ள, ஆண்டுதோறும் பருக்கும் வேர் அடியிலிருந்து நெம்ப, சில வருஷங்களுக்குள் விரிசல் கண்டுவிடும். பாத்தியைச் சமதளமாக்குகிறோம் என்று ஒரு அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டுகிறவர்கள் வேர்களுக்குச் சுவாசமே இல்லாமல் செய்துவிடுகிறார்கள்; மரம் உடனே சாவதில்லையாதலால், பின்னால் உச்சிக்கிளை காயும்போது அதன் காரணம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பாத்திக்கு நாலு பக்கமும் கரை எதற்கு? மண் சரிவது பள்ளத்துப் பக்கம். அங்கே மட்டும் கரை இருந்தால் போதும். மேட்டுப்புறத்தைத் திறந்தே விட்டால் இலைச்சருகும் வண்டலும் தாமாக வந்து சேரும். கடப்பாரைக்குப் பதில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, கரை வரவேண்டிய தடத்தில் சாணுக்குச் சாண் குத்திப் பார்த்தால், வேர் எங்கே, வெற்றுமண் எங்கே என்று கைக்கே தெரிந்துவிடும். வெற்றுமண் உள்ள இடத்தில் மாத்திரம் இரண்டு விரற்கடை ஆழம் கைக்கொத்தால் சுரண்டி, உடைகல்லைப் பதித்து, முகம் சற்றே மேட்டை நோக்கிச் சாயும்படி அமர்த்தி, சாந்தில்லாமல் அடுக்க வேண்டும். கட்டைவிரலுக்கு மேல் பருத்த வேர் குறுக்கிட்டால் அதை வெட்டாமல், இருபுறமும் கல் வைத்து, மேலே ஒரு பலகைக்கல்லை வேரின்மீது படாதபடி இடைவெளி விட்டுக் கிடத்திவிடலாம். கல்லிடுக்குகளில் மக்கிய இலையைத் திணித்து, பெரணியையோ ஸ்பைடர் பிளான்ட்டையோ சிறு கன்றாக நட்டால், நீர் கசிந்து வெளியேறும், மண் தங்கும். கரை வளைந்து வளைந்துதான் போகும். அதில் சௌந்தரியக் குறைவு ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். 1874-இல் தோற்றுவிக்கப்பட்ட குன்னூர் சிம்ஸ் பூங்கா, மலைமடிப்பின் சரிவை அனுசரித்தே அமைந்திருக்கிறது. அதை யாரும் கோணல் என்று சொல்லக் காணோம்.

தனிமனிதரை மட்டும் குறைசொல்வதும் தர்மமன்று. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் பூசப்பட்ட கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்ட பிறகும், நம் ஊர்ப் பூங்காக்களில் அடிமரத்தை ஒட்டியே சிமெண்டு வளையம் கட்டப்படுவதைக் காண்கிறோம். கட்டுவேலையைக் கன மீட்டரில் அளந்து பில் போட்டுவிடலாம். வேருக்கு வேர் விலகிக் கல் அடுக்கிய தோட்டக்காரரின் உழைப்பை அப்படி அளக்க வழியில்லை. ஆகையால், மரநிழலில் செய்யும் கரைவேலைக்கு நாட்கூலி அடிப்படையில் தனியாகத் தொகை ஒதுக்கி, வானம் பறிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் நகராட்சிகள் தங்கள் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.