ஒரே திருவடியில் விழுந்தவர்கள்

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் அமைந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைக் கொண்டாடுகிறோம். அது ஒரு பக்திச் சபையில் கருக்கொண்டது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. பெரம்பூர் வட்டாரத்தில் இயங்கிய ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபைதான் அது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்ற இரு வணிகர்கள் நடத்திவந்த அந்தச் சபைக்கு, பின்னி நிர்வாகத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் சமயச் சொற்பொழிவு கேட்க வருவார்கள். பெருமாளின் குணங்களைக் கேட்கப் போன இடத்திலேயே அவர்கள் தங்கள் குறைகளையும் சொல்லத் தொடங்கினார்கள். விடிந்தும் விடியாமல் தொடங்கும் வேலை, சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வதற்குள் முடிந்துவிடும் நண்பகல் இடைவேளை, வசவு, அடி. 1918 மார்ச்சில் அந்தச் சபையின் மேடையில் திரு.வி.க. தொழிலாளர் நிலையைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதமே பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சங்கம் எழுந்தது.

கும்பிடப் போனவர்கள் எப்படிக் கோரிக்கை வைக்கப் போனார்கள் என்று சிலர் வியக்கலாம். தமிழ் பக்தி மரபை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. பல்லவ அரசன் அழைப்பு அனுப்பியபோது, சிவனுக்கு ஆளாகிவிட்டவன் வேறெவருக்கும் ஆளாக மாட்டான் என்று திருப்பி அனுப்பியவர் அப்பர். தன்னை முழுமையாக ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டவருக்கு மற்ற இடங்களில் நடுங்க வேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது. ஆலைச் சங்கு ஊதியதும் ஓடிய கால்கள் வெள்ளைக்கார மேலாளரின் முன்னால் நின்று பேசின என்றால், அந்தத் துணிச்சலில் சபைச் சொற்பொழிவுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறோம்.

ஆனால் வரலாறு இதோடு நின்றுவிடவில்லை. 1921இல் ஆலை வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. கைமாற்றுக்கும் வழியில்லாத ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவை அகலப்படுத்தின. ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பழிக்குப் பழியாக வன்முறை பரவியது. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஆதிதிராவிடர்களின் தரப்பை அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா எடுத்துச் சொன்னார். சங்கத் தலைவர்களில் பலருக்கு அது கேட்கவில்லை. இன்றுவரை 'புளியந்தோப்புக் கலவரம்' என்றே அந்த நாட்கள் பேசப்படுகின்றன. எரிந்தது யாருடைய வீடு என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

முதலாளிக்கு எதிரே சேர்ந்து நின்றவர்கள் மூன்றே ஆண்டில் பக்கத்துத் தெருவுக்கு எதிரிகளானது எப்படி? வயிறு, கூலி, வெள்ளை அரசின் சூழ்ச்சி என்று எத்தனையோ காரணங்களை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அத்தனையும் உண்மை. பக்தியைப் பற்றி அக்கறை உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். ஒரே சபையில், ஒரே இறைவனின் புகழைக் கேட்ட ஊரில், ஒரே திருவடியில் விழுந்தவர்கள் எழுந்தபோது ஏன் ஒருவருக்கொருவர் உறவாகவில்லை?

சரணாகதியைத் தனி ஒருவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விவகாரமாகச் சுருக்கிக்கொண்டோம். அதை வகுத்தவர்கள் அப்படி வகுக்கவில்லை. வைணவ மரபு சரணாகதிக்கு ஆறு கூறுகளைச் சொல்கிறது. இறைவன் காப்பான் என்ற நம்பிக்கையும், தன்னால் ஆகாது என்ற அறிவும், தன்னையே ஒப்படைப்பதும் அவற்றில் அடங்கும். அவற்றுக்கெல்லாம் முன்பு வருபவை ஆனுகூல்ய சங்கல்பமும் பிராதிகூல்ய வர்ஜனமும். பாஞ்சராத்திர ஆகமமான லட்சுமி தந்திரம் இவற்றை எல்லா உயிர்களையும் நோக்கித் திருப்புகிறது. எவ்வுயிருக்கும் நன்மையாக இருப்பேன், எவ்வுயிருக்கும் தீங்கு செய்யேன் என்று உறுதி எடுத்துக்கொண்ட பிறகுதான் கை கூப்பத் தகுதி வருகிறது. குடிசைக்கு நெருப்பு வைத்த கை மறுநாள் தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தால், அந்த ஒற்றலுக்கு எந்த சாஸ்திரத்திலும் இடமில்லை.

இதைச் சொல்ல நாம் சாஸ்திரம் வரை போக வேண்டியதுகூட இல்லை. வடசென்னையின் பெருங்கோயிலான திருவொற்றியூரே சொல்கிறது. பெரியபுராணம் சொல்லும் சுந்தரர் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஒற்றியூரில் இறைவனுக்குப் பூமாலை கட்டும் தொண்டில் இருந்த சங்கிலியாரை அவர் மணந்தார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் செய்த சத்தியம் பிற்பாடு குறுக்கே வந்துவிடுமே என்று, இறைவனை அந்த நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விடச் சொல்லிக் கேட்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்றார். பிறகு சுந்தரர் வாக்கை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் பார்வை இழந்தன. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

சுந்தரர் சாதாரண அடியார் இல்லை, இறைவனுக்கே தோழர். அந்த உரிமையும் பக்தியும் அவரைக் காப்பாற்றவில்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியபோது கடவுள் தன் தோழன் பக்கம் நிற்காமல் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். நாம் இறைவனுக்குச் செய்யும் ஒப்படைப்பைப் பக்கத்தில் இருப்பவர் பெயரில் அவர் வரவு வைத்துக்கொள்கிறார் என்பதே ஒற்றியூர் தரும் பாடம். அதே சுந்தரர்தான் அடியார் எல்லாருக்கும் அடியவனாகத் தன்னை வைத்துத் திருத்தொண்டத்தொகையைப் பாடியவர். அந்த வரிசையில் புலைப்பாடியில் பிறந்த நந்தனாரும் இருக்கிறார், ஒற்றியூரில் செக்காட்டிக் கோயிலுக்கு விளக்கேற்றிய கலியரும் இருக்கிறார். வைணவத்தில் பிள்ளை லோகாசாரியர் இன்னும் கடுமையாகப் பேசினார். அடியாரின் பிறப்பை ஆராய்வது பெற்ற தாயின் கற்பை ஆராய்வதற்குச் சமம் என்றார்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வாக்கை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து எண்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்கள் திரௌபதி அம்மனைக் கும்பிட வரக் கூடாது என்று ஒரு தரப்பு மறித்ததால், கோயிலையே பூட்டி முத்திரை வைக்க வேண்டியதாயிற்று. அம்மனுக்குத் தீ மிதிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு, அதே அம்மன் முன் இன்னொரு குடும்பத்தோடு நிற்க மனம் வரவில்லை. அங்கே நடந்ததைக் கிராமத்துக் கதை என்று நகரத்தில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 1921இல் குடிசைகள் எரிந்தது சென்னைப் பட்டணத்துக்குள்தான்.

சிலர் வேறுவிதமாக மறுப்பார்கள். பிரார்த்தனை என்பது துன்பத்தில் இருப்பவரின் கடைசிப் பிடிமானம், அதன்மேல் சமூகச் சுமையை ஏன் ஏற்றுகிறீர்கள் என்பார்கள். அந்தப் பிடிமானத்தை நாங்கள் மதிக்கிறோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, மடியில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கும் தாயிடம் தத்துவம் பேச எவருக்கும் உரிமை கிடையாது. அவளுடைய ஒப்படைப்பு முழுமையானது. ஆனால் அந்தத் தாழ்வாரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒருத்தி அழுதால் அடுத்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. உங்க பிள்ளைக்கும் சேர்த்து வேண்டிக்கிறேன்மா என்கிறாள். உண்மையான சரணாகதி துன்பத்தின் நடுவில் தானாகவே பக்கத்தில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்கிறது. துன்பம் தீர்ந்து, விழாக் கமிட்டியும் வரிப் பணமும் மேளதாளமும் வந்த பிறகுதான் விலக்குகிறது. மருத்துவமனையில் இருந்ததைத் திருவிழாவுக்கும் கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஆடி வரப்போகிறது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் இராயபுரத்திலும் தெருவுக்குத் தெரு பந்தல் போடுவார்கள். ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி பாடுவார். பெண்கள் வேப்பிலையும் மஞ்சள் நீருமாக வருவார்கள். அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவார்கள். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் மணக்கும். ஆலைகள் 1996இல் மூடிய பிறகும், வேலை போன குடும்பங்கள் சிதறிய பிறகும், இந்த வட்டாரம் விடாமல் காத்துவரும் பெரிய பிரார்த்தனை இது. பெரிய கோயில் இல்லாதவர்கள் தங்கள் கையாலேயே செய்துகொண்ட வழிபாடு. அதனால் இதன் பொறுப்பும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

விழாக் கமிட்டிகளிடம் இந்த இதழ் நேராகச் சில கேள்விகளை வைக்கிறது. உங்கள் கமிட்டியில் எந்தெந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள்? விடியற்காலையில் பந்தலைச் சுற்றிப் பெருக்கும் தூய்மைப் பணியாளரிடம் வரி வாங்கினீர்களா, அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீர்களா? கூழ் காய்ச்சும் அடுப்பின் முன்னால் எல்லா வீட்டுப் பெண்களும் நிற்கலாமா? தீச்சட்டி ஊர்வலம் எந்தத் தெருவின் முனையோடு திரும்புகிறது, ஏன் அங்கே திரும்புகிறது? கரகம் யார் தலையில் ஏற வேண்டும் என்று யார் தீர்மானித்தார்கள்? பதில்களில் எந்தத் தெருவின் பெயர் விடுபட்டிருக்கிறதோ, இந்த ஆடியில் அங்கே போய் முதல் அழைப்பை வையுங்கள்.

பக்தியைப் பழமை என்று ஒதுக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் ஒரு பக்திச் சபையிலிருந்து எழுந்தது என்பதை மறக்காதீர்கள். மக்கள் கூடுமிடத்தை விட்டு விலகி நின்று மக்களை மாற்றியவர் இல்லை. பக்தியில் தோய்ந்த அன்பர்களுக்கும் ஒரு சொல். அதே ஊரில் மூன்றாண்டு கழித்துக் குடிசைகள் எரிந்ததை மறக்காதீர்கள். உங்களோடு சேர்ந்து விழ அனுமதிக்கப்படாத ஒருவர் வெளியே நிற்கும்வரை, உள்ளே விழுந்தவரின் சரணாகதியும் பாதியிலேயே நிற்கிறது. அதை முழுமையாக்கும் வேலையைக் கடவுள் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. நம்மிடம்தான் விட்டிருக்கிறார்.