பளிங்குப் பதுமையா பெண்?

பளிங்கு மேனியாம்! பருவம் மாறா முகமாம்! ஓவியர் பலர் தீட்டிய பெண்ணுக்கு உறுப்புகள் உண்டு, உள்ளம் எங்கே? உழைத்த தழும்பு எங்கே? முதுமைதான் எங்கே?

அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல், 1980-இல், தம் 80-ஆம் அகவையில், தம்மையே ஆடையின்றித் தீட்டி முடித்தார். தளர்ந்த மார்பு, சரிந்த வயிறு. கையிலோ தூரிகை, கண்ணிலோ அஞ்சாமை! 1992-இல் இங்கிலாந்தின் ஜென்னி சாவில் பருத்த உடலொன்றைப் பெருந்திரையில் அமர்த்தினார். தன் தொடையைத் தன் விரல்களே பற்றிப் பிசையும் வேதனையை மறைத்தாரில்லை.

“அருவருப்பு” என்பர் சிலர். வீனசின் வெற்றுடலை வியந்த கண்கள் இங்கே கூசுவானேன்? பார்க்கப்பட்டவள் திரும்பிப் பார்க்கிறாள். அதுதான் அவர்தம் கூச்சம்!

மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. பொய்யழகின் முன் நாணித் தலைகுனிந்தது போதும், தோழியரே! மெய்யைத் தீட்டும் தூரிகையை நாம் வரவேற்போம்!