உடம்பில் உலோகத் துண்டு உண்டா?

சாகாமத்திலிருந்து மெல்பேர்ன் குதிரைப் பந்தயம் பற்றி எழுதுவதற்குக் காரணம், என் முழங்காலில் கிடக்கும் ஷெல் துண்டு.

2020 நவம்பரில் மெல்பேர்ன் கிண்ணப் போட்டியில் அந்தோனி வான் டைக் என்ற குதிரை ஓடும்போதே கால் முறிந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் அங்கு ஓடவரும் வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களுக்கு சி.ரி. ஸ்கான் கட்டாயமானது. குளம்புக்கு மேலுள்ள மூட்டெலும்பில் ஓட ஓட மயிரிழை வெடிப்புகள் சேரும். எக்ஸ்ரே எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுவதால் அவை மறைந்துவிடும், சி.ரி. அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பையும் தசைநாரையும்கூடக் காட்டும்.

அதுதான் எங்களுக்குச் சிக்கல். உடம்பிலுள்ள இரும்புத் துண்டை எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அசைக்கக்கூடும். கண், நரம்பு, இரத்தக்குழாய் அருகே என்றால் ஆபத்து. ஆகவே துண்டு எங்கே இருக்கிறதென்று முதலில் எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து நான் போனபோது, அறை வாசலில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அன்றே திரும்பி வந்தேன்.

குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. நானும் முன்பே சொல்லவில்லை. சோதனைச்சாவடிக் காலத்தில் தழும்பை மறைத்துப் பழகிய வாய் இது. ஆனால் மூட்டுக்குள் ஈயச் சன்னம் இருந்தால், அது மூட்டுநீரில் கரைந்து இரத்தத்தில் ஈயம் ஏறலாம். அதை மறைப்பது நமக்கே கேடு.

முதல்நாள் சிட்டை எழுதும் மேசையிலேயே இதைக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் தமிழில் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள்.