நடப்பு டைரக்டரியை நம்பி எழுதாதீர்கள்

நிரலின் நடுவில் டைரக்டரியை மாற்றிவிட்டு, அடுத்த வரியில் வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்து எழுதுவதும் அழிப்பதும் நம் துறையில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. புதிய நிரல்களிலாவது இதைக் கைவிட வேண்டும் என்று இந்த இதழ் கருதுகிறது.

இதன் வேர் பழையது. டைரக்டரிக்குள் டைரக்டரி என்ற அமைப்பு 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0 வழியாக பிசிக்கு வந்தது. ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு நடப்பு டைரக்டரியை டாஸ் தனித்தனியே நினைவில் வைத்தது. சி டிரைவில் இருந்தபடி டி டிரைவின் டைரக்டரியை மாற்றினால், நாம் சி-யிலேயேதான் இருப்போம். விஷுவல் பேசிக்கும் இதையே பின்பற்றியது. டிரைவை மாற்ற அதில் தனிக் கட்டளை உண்டு. அதை எழுத மறந்த நிரல், டி-யில் சேமித்ததாக எண்ணிக்கொண்டு சி-யில் சேமிக்கும். 'டி:' என்று போட்டுப் பின்சாய்கோட்டை விட்டுவிட்டாலும் ஆபத்துதான்: அது டி-யின் மூல டைரக்டரியை அல்ல, அந்த டிரைவின் நடப்பு இடத்தைக் குறிக்கும்.

இன்றைய நிரல்களில் சிக்கல் இன்னும் பெரிது. நடப்பு டைரக்டரி புராசஸ் முழுவதற்கும் பொதுவானது. ஒரு த்ரெட் அதை மாற்றினால் மற்ற எல்லா த்ரெட்டுகளுக்கும் மாறிவிடும். பைத்தான் 3.11 டைரக்டரியைத் தற்காலிகமாக மாற்ற ஒரு வசதியைத் தந்தபோது, அது இணைநிலைப் பணிகளுக்குப் பாதுகாப்பானதல்ல என்று ஆவணத்திலேயே எச்சரித்தது. விண்டோஸில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தைத் திறந்து மூடினாலே நடப்பு டைரக்டரி மாறிவிடலாம். நம் நிரலில் அதற்கென ஒரு வரிகூட இருக்காது.

மிக மோசமானது அழிக்கும் நிரல். தற்காலிகக் கோப்புகள் உள்ள டைரக்டரிக்குப் போ, உள்ளே இருப்பதையெல்லாம் அழி என்று இரண்டு வரி. அந்த டைரக்டரி யுஎஸ்பி டிரைவில் இருந்து, அதைக் கழற்றியிருந்தாலோ அதன் எழுத்து மாறியிருந்தாலோ முதல் வரி தோற்கும். திரும்பி வரும் பிழை மதிப்பைப் பார்க்காத நிரல், தான் நிற்கும் இடத்திலேயே இரண்டாவது வரியை நிறைவேற்றும். போவது பயனரின் கோப்புகள்! பிழையைச் சோதிப்பது கட்டாயம். ஆனால் முழுப் பாதையைக் கொடுத்து அழிக்கும் நிரலுக்கு இந்த விபத்து நேரவே வழியில்லை.

யூனிக்ஸ் பக்கம் இன்னும் உறுதியான வழி இருக்கிறது. போசிக்ஸ் 2008 பதிப்பு, திறந்து வைத்த டைரக்டரியின் விவரிப்பு எண்ணைக் கொடுத்து அதற்குள்ளேயே கோப்பைத் திறக்கவும் நீக்கவும் இடம் தருகிறது. நடுவில் யாராவது டைரக்டரியின் பெயரை மாற்றினாலும் நம் பிடி தவறாது.

ஒரே ஒரு விலக்கு: கட்டளை வரியில் பயனர் தட்டும் பாதை. அது அவர் நிற்கும் இடத்தை வைத்துச் சொன்னது; அப்படியே பொருள்கொள்ள வேண்டும். நிரல் தொடங்கியவுடன் அதை ஒருமுறை முழுப் பாதையாக மாற்றி வைத்துக்கொண்டால், அதன்பின் நடப்பு டைரக்டரியைக் கேட்கத் தேவையே இராது.