கட்டணம் குறைந்தது, படி குறைந்ததா?

கோடைக்கானலில் விமான நிலையமில்லை. மலைமீது இரயிலும் இல்லை. கொடைரோடு நிலையத்தில் இறங்கி, சுமார் 80 கிலோமீட்டர் சாலைவழியே ஏறியாக வேண்டும். சக்கர நாற்காலியில் வாழும் தோழன் தன் பிள்ளைகளுக்கு அந்த ஏரியைக் காட்ட ஆசைப்பட்டால் என்ன செய்வான்?

இரயிலில் தனிப்பெட்டி உண்டு என்பார்கள். உண்டு, அவனுக்கும் துணைக்கு ஒருவருக்கும்! மற்றவர்கள் வேறு பெட்டியில். இதுவா குடும்பப் பயணம்?

இறங்கினால் பேருந்து. கட்டணச் சலுகை தருகிறார்கள், வரவேற்கிறோம். கட்டணம் குறைந்தது, படி குறையவில்லையே! வாடகைக் கார் பிடிக்கத் தொழிலாளியின் கூலி போதுமா?

மோட்டார் சாலை வருமுன் வெள்ளைத் துரைமார்களைப் பெரியகுளத்துப் பக்கமிருந்து நாற்காலியில் வைத்துக் கூலிகள் தோளில் சுமந்தார்கள். நடக்க முடிந்த சீமானுக்கு அன்று நாற்காலி கிடைத்தது. நடக்க முடியாத ஏழையின் நாற்காலி இன்று பேருந்தில் ஏற வழியில்லை!

முடியாத காரியமா? அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், பழனியில் 1966-இல் விஞ்ச் வந்தது. 2004-இல் ரோப்கார் வந்தது. சாமி பார்க்க வழி கண்டவர்கள், ஏரி பார்க்க வழி காண முடியாதா?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் போக்குவரத்தை உரிமையாக்கிற்று. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தலாகாது, கட்டாயமாக வேண்டுமென்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மலைப்பாதைக்குத் தாழ்தளப் பேருந்து ஒத்துவராதா? நாற்காலியைத் தூக்கி ஏற்றும் கருவி பொருத்திய பேருந்துகளை விடுங்கள். நாம் கேட்பது இரக்கமல்ல, இருக்கை!